முழங்காலால் உதைத்து விரித்த தரை – கார்ப்பெட்டை இழுத்துப் பிடிக்கும் கருவிகளின் கதை

திருமழிசை என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் வரும் சிட்கோ தொழிற்பேட்டை. இல்லாவிட்டால் 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு காய்கறி மார்க்கெட் தற்காலிகமாக வந்து உட்கார்ந்த இடம். கொஞ்சம் வைணவம் தெரிந்தவர்களுக்கு மட்டும் திருமழிசை ஆழ்வார் ஞாபகம் வருவார்.

அந்த ஆழ்வாரின் கதையில் ஒரு பாய் வருகிறது. பலரும் கேட்ட கதைதான். காஞ்சிபுரத்தில் ஆழ்வாரின் சீடன் கணிகண்ணனை பல்லவ அரசன் ஊரை விட்டுப் போகச் சொல்லிவிடுகிறான். சீடன் போனால் குருவும் கிளம்புகிறார். போகிறவர் சும்மா போகவில்லை, திருவெஃகா கோயிலில் படுத்திருக்கும் பெருமாளையும் "உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பு" என்கிறார். பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விடுகிறார்! அப்புறம் அரசன் ஓடி வந்து மன்னிப்புக் கேட்க, எல்லோரும் திரும்பி வர, பெருமாள் பாயை மறுபடி விரித்துப் படுத்துக்கொள்கிறார். இதனால்தான் அவருக்கு 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்று பெயர். ஆழ்வாரை எடுத்து வளர்த்தவர் திருவாளன் என்ற பிரம்பு அறுக்கும் தொழிலாளி என்கிறது குருபரம்பரைக் கதை. பிரம்புத் தொழிலாளி வீட்டில் வளர்ந்தவருக்குப் பாயைச் சுருட்டும் யோசனை வந்ததில் ஆச்சரியமில்லை.

இந்தப் பதிவு பக்திப் பதிவு அல்ல. கவனிக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம். நம் ஊரில் தரை விரிப்பு என்றால் சுருட்டக்கூடியது. கடவுளே ஆனாலும் கிளம்பும்போது சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் உலகத்தின் இன்னொரு பக்கத்தில் விரிப்பைத் தரையோடு தரையாகச் சுவர் முதல் சுவர் வரை இழுத்துக் கட்டி, இனி அசையாதே என்று ஆணி அடித்தார்கள். அப்படி இழுக்கவும் பிடிக்கவும் விதவிதமான கருவிகள் வந்தன. அந்தக் கருவிகளில் ஒன்று மனிதனின் முழங்கால். அந்த முழங்காலுக்கு என்ன ஆனது என்பதுதான் இந்தக் கதை.

எதற்காக இழுக்க வேண்டும்?

முதலில் அடிப்படைக் கேள்வி. கார்ப்பெட்டை அப்படியே விரித்துப் போட்டால் என்ன?

சின்ன விரிப்பு என்றால் ஒன்றும் ஆகாது. அறை முழுக்க விரித்தால்தான் பிரச்சினை. நடக்க நடக்க, மேஜை நாற்காலியை இழுக்க இழுக்க அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நடுவில் அலை மாதிரி மடிப்பு விழும். காற்றில் ஈரம் ஏறி இறங்கினாலும் துணி தளரும். மடிப்பு விழுந்த இடம் சீக்கிரம் தேயும், ஆட்கள் தடுக்கியும் விழுவார்கள். இதற்கு ஒரே வழி, போடும்போதே விறைப்பாக இழுத்து ஓரங்களைப் பிடித்துவைப்பது. மேளத்துக்குத் தோலை இழுத்துக் கட்டுவது மாதிரிதான்.

எவ்வளவு இழுக்க வேண்டும்? இன்றைய அமெரிக்கக் கார்ப்பெட் தொழிலில் சொல்லும் கணக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 சதவீதம். கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் 20 அடி ஹாலுக்குக் கணக்குப் போட்டால் இரண்டரை முதல் மூன்றரை அங்குலம் வருகிறது. ரப்பர் பூசிய தடித்த விரிப்பை அவ்வளவு நீளம் இழுப்பது சும்மா கையால் ஆகிற காரியமில்லை.

நம் ஊரில் இழுப்பு எங்கே நடக்கிறது?

'அப்படியானால் நம் ஜமக்காளத்தை யாரும் இழுப்பதில்லையா?' என்று கேட்கலாம். இழுக்கிறார்கள். ஆனால் வீட்டுத் தரையில் அல்ல, தறியில்!

பவானி ஜமக்காளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரோடு மாவட்டத்துப் பவானியில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து மில் துணிகள் வந்து குவிந்தபோது, ஜங்கமர் என்ற நெசவாளர் சமூகத்தினர் தடித்த வண்ண நூலில் நெய்ய ஆரம்பித்த விரிப்பு அது. மெல்லிய துணியில் மான்செஸ்டரோடு போட்டி போட முடியாது. அதனால் மான்செஸ்டர் தொடாத முரட்டு நூலுக்குப் போனார்கள். வணிகவியல் பாடத்தில் சந்தையில் காலியிடம் பிடிப்பது என்பார்களே, அதேதான். இன்று பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கைத்தறிக்கென்று ஒதுக்கிய 11 ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று.

இதை நெய்வது குழித்தறியில். நெசவாளர் தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிக்கட்டையை மிதிப்பார். எதிரே நீளமாகப் பாவு நூல் ஓடும். குழித்தறியில் பாவின் மறுமுனையைக் கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றை எதிர்ப்பக்கக் கட்டையில் சுற்றி, திரும்ப நெசவாளர் கை எட்டும் இடத்துக்கே கொண்டுவந்து கட்டுவது பழைய வழக்கம். நெய்ய நெய்யக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், எழுந்து போக வேண்டியதில்லை. அகலவாட்டில் துணி சுருங்காமல் இருக்க, இரண்டு முனையிலும் ஊசி வைத்த குச்சி ஒன்றை ஓரத்துக்கு ஓரம் குத்தி நிறுத்துவார்கள். பல்லால் கடித்துப் பிடிப்பது, பிறகு விறைப்பாக நிறுத்துவது. இந்த இரண்டு வேலையையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

கோரைப்பாயிலும் இதே கதைதான். தரையோடு ஒட்டிய தறி, இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய பாவுக் கயிறு. அந்தக் கயிறு தளர்ந்தால் பாய் கோணலாகிவிடும்.

ஆக நம் ஊர் விரிப்பு வீட்டுக்கு வருவதற்கு முன்பே அதன் இழுப்பெல்லாம் முடிந்துவிடுகிறது. வாங்கியவருக்கு வேலையே இல்லை. விரிப்பார், உட்காருவார், சாப்பிடுவார், தூங்குவார், சுருட்டி மூலையில் சாத்துவார். தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் ஊரில், செருப்பை வாசலில் விடும் ஊரில், ஏப்ரல் மே வெயிலில் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சிக்காகவே வெறுந்தரையில் படுக்கும் ஊரில், தரையை நிரந்தரமாக மூடுவது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால்தான் ஆச்சரியம்!

குளிர் தேசத்துக் கதை

இனி அந்தப் பக்கம் போவோம். இங்கிலாந்திலும் வட அமெரிக்காவிலும் தரை பலகையால் ஆனது. பலகை இடுக்கு வழியே குளிர் காற்று ஏறும். அங்கே தரையை மூடுவது அவசியமே. ஆனால் பணம் இருந்தவர்களுக்குத்தான் அது முடிந்தது. 1755-இல் தாமஸ் விட்டி என்பவர் இங்கிலாந்தின் ஆக்ஸ்மின்ஸ்டர் ஊரில் கார்ப்பெட் நெய்ய ஆரம்பித்தபோது அது கையால் முடிச்சுப் போடும் வேலை, விலை பிரபுக்களுக்கானது.

இதை மாற்றியவர் அமெரிக்கர் எராஸ்டஸ் பிகலோ. 1840-களில் அவர் கார்ப்பெட்டுக்கு விசைத்தறி கொண்டுவந்தார். உற்பத்தி கூடியது, விலை இறங்கியது, நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறை வரை கார்ப்பெட் போனது. ஆனால் அன்றைய விசைத்தறிக் கார்ப்பெட்டின் வழக்கமான அகலம் 27 அங்குலம், அதாவது முக்கால் கஜம். அறை முழுக்கப் போட வேண்டுமென்றால் பட்டை பட்டையாக வாங்கி, ஒன்றோடொன்று தைத்து, சுவர் வரை இழுத்து, ஓரத்தை மடக்கி ஆணி அடிக்க வேண்டும்.

சரி, ஒரு தடவை அடித்தால் முடிந்ததா? இல்லை. அன்றைக்கு வாக்குவம் கிளீனர் கிடையாது. கணப்பு அடுப்பின் புகையும் கரியும் வருடம் முழுக்கக் கார்ப்பெட்டில் ஏறியிருக்கும். வசந்த காலம் வந்ததும் ஆணியை எல்லாம் பிடுங்கி, கார்ப்பெட்டை வெளியே கொண்டுபோய்க் கொடியில் போட்டு அடித்துத் தூசி தட்டி, மறுபடி உள்ளே கொண்டுவந்து இழுத்து ஆணி அடிப்பார்கள். நாம் பொங்கலுக்கு வெள்ளையடிப்பது போல அது ஒரு வருடாந்திர வேலை.

அதனால் கார்ப்பெட்டை இழுக்கும் கருவி அன்றைக்கு வீட்டுச் சாமானாகவே விற்றது. நீளமான மரக்கைப்பிடி, முனையில் சீப்பு போன்ற இரும்புப் பற்கள். பல்லைக் கார்ப்பெட்டில் குத்தி, பிடியைச் சுவர்ப் பக்கம் தள்ளி, விறைப்பு விடாமல் நிறுத்திவைத்து ஆணி அடிக்கலாம். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் இந்தக் கருவிக்கு மட்டும் ஏகப்பட்ட பேர் விதவிதமாகக் காப்புரிமை வாங்கினார்கள். பல்சக்கரம் வைத்தது, நெம்புகோல் வைத்தது என்று ஆளாளுக்கு ஒரு யோசனை. ஒரு கையால் இழுத்துப் பிடித்து இன்னொரு கையால் ஆணி அடிக்க வேண்டும், ஆணியை எங்கே வைத்துக்கொள்வது? வாயில்! வாய் நிறையச் சின்ன ஆணிகளைப் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி, காந்தம் வைத்த சுத்தியலால் கவ்வி எடுத்து அடிப்பது அன்றைய தொழிலாளியின் வித்தை.

நடுவே இந்தியாவும் இந்தக் கதையில் வருகிறது. காலனி ஆட்சியில் பல ஜெயில்களில் கைதிகளை வைத்துக் கார்ப்பெட் நெய்ய வைத்தார்கள். விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்காக ஆக்ரா ஜெயில் கைதிகள் நெய்த ராட்சதக் கம்பளம் இன்றும் இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் வாட்டர்லூ மண்டபத்தில் இருக்கிறது. எடை சுமார் 2 டன். 1992-இல் அந்தக் கோட்டை தீப்பிடித்தபோது அதைச் சுருட்டி வெளியே எடுக்க 50 சிப்பாய்கள் தேவைப்பட்டார்களாம். நல்லவேளை, அது ஆணி அடிக்காத விரிப்பு. சுருட்ட முடிந்ததால் பிழைத்தது!

பெட்ஷீட்டில் ஆரம்பித்த புரட்சி

அடுத்த திருப்பம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டால்டன் ஊரில். 1895-இல் கேத்தரின் எவன்ஸ் என்ற பதின்வயதுப் பெண், துணியில் தடித்த நூலைக் குத்திக் குஞ்சம் குஞ்சமாக எழுப்பிப் படுக்கை விரிப்பு ஒன்றைச் செய்தார். 1900-இல் அப்படி ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றார். ஊரே அந்தத் தொழிலில் இறங்கியது. பிறகு அதே குத்தூசி முறை இயந்திரத்துக்கு மாறி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் 12 அடி அகலக் கார்ப்பெட் அந்த முறையில் வந்தது. நைலானும் சேர்ந்துகொண்டது. நெய்ததை விட மிக வேகமாகவும் மலிவாகவும் தயாரானது. சாதாரணத் தொழிலாளி வீடு வரை சுவர் முதல் சுவர் வரை கார்ப்பெட் போனது இதனால்தான். டால்டனுக்கு 'உலகக் கார்ப்பெட் தலைநகர்' என்று பட்டமே வந்துவிட்டது.

கார்ப்பெட் மலிந்ததும் அதைப் போடும் வேலையும் வேகமாக நடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஆணியாக அடித்துக்கொண்டிருந்தால் கட்டாது. அப்போது பரவியதுதான் ஆணிப்பட்டை. ஒரு அங்குலம் போல அகலமான மெல்லிய பிளைவுட் பட்டை, அதில் வரிசையாகச் சின்ன ஊசிமுனைகள் மேல்நோக்கி, சுவர்ப் பக்கம் சாய்ந்து நிற்கும். அறையைச் சுற்றிச் சுவர் ஓரமாக, சின்ன இடைவெளி விட்டு இதைத் தரையில் அடித்துவிடுவார்கள். கார்ப்பெட்டை இழுத்து இதன் மேல் விட்டால் ஊசிகள் அடியில் கவ்விக்கொள்ளும். கார்ப்பெட் திரும்ப உள்ளே சுருங்கப் பார்க்கும், ஆனால் ஊசிகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பதால் இழுக்க இழுக்க இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். தூண்டில் முள் மாதிரி! மீதி ஓரத்தை இடைவெளிக்குள் செருகிவிட்டால் ஒரு ஆணி கூட வெளியே தெரியாது.

பிடிக்கப் பட்டை வந்துவிட்டது. இழுக்க?

இங்கேதான் நம் கதாநாயகன் வருகிறான். ஆங்கிலத்தில் 'நீ கிக்கர்'. தமிழில் எழுதினால் யாரையோ திட்டுவது போல இருக்கிறது, அதனால் 'முழங்கால் உதைப்பான்' என்று வைத்துக்கொள்வோம். முழங்கை நீளத்தில் ஒரு உலோகத் தண்டு. ஒரு முனையில் பற்கள் வைத்த தலை, மறுமுனையில் மெத்தை. தொழிலாளி மண்டியிட்டு, பல்லைக் கார்ப்பெட்டில் ஊன்றி, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முழங்கால் சிப்பிக்குச் சற்று மேலே படும்படி மெத்தையை ஓங்கி ஒரு உதை. கார்ப்பெட் ஒரு இம்மி முன்னே போய் ஆணிப்பட்டையில் மாட்டிக்கொள்ளும். கொஞ்சம் தள்ளி இன்னொரு உதை. அறை முழுக்க, நாள் முழுக்க, வருடம் முழுக்க.

பல்லால் கடித்துப் பிடிப்பது, விறைப்பாக நிறுத்துவது. பவானித் தறியின் ஊசிக்குச்சி செய்த அதே வேலை. ஆனால் அங்கே விறைப்பைத் தாங்கியது குச்சியும் கயிறும் மரக்கட்டையும். இங்கே தாங்கியது எலும்பு.

கணக்கில் வராத செலவு

பல வருடங்கள் இது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. 1980-களில் அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்தார்கள். ஒரு உதையில் முழங்காலில் விழும் விசை சுமார் 3,000 நியூட்டன். அதாவது 300 கிலோ எடை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் முழங்காலில் இறங்குவது போல. உதைப்பவரின் உடல் எடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு.

1990-இல் அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், கார்ப்பெட் போடுபவர்களின் முழங்கால் பற்றித் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர்களில் கார்ப்பெட் போடுபவர்கள் 0.06 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அடிபட்டு முழங்கால் மூட்டு வீங்கியதற்கான இழப்பீட்டு மனுக்களில் அவர்கள் பங்கு 6.2 சதவீதம். நியாயமாக வர வேண்டியதை விட நூறு மடங்குக்கும் மேல்!

மாற்று இல்லாமல் இல்லை. பவர் ஸ்ட்ரெச்சர் என்ற கருவி அப்போதே இருந்தது (ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர் அல்ல). பற்கள் வைத்த தலையைக் கார்ப்பெட்டில் ஊன்றி, குழாய்களை ஒன்றோடொன்று செருகி நீட்டி, மறுமுனைக் கட்டையை எதிர்ச் சுவர் ஓரமாக முட்டுக்கொடுத்து, நெம்புகோலைக் கையால் அழுத்தினால் போதும். சுவர் தாங்கிக்கொள்ளும், முழங்காலுக்கு வேலை இல்லை. இழுப்பும் சீராக, அதிகமாகக் கிடைக்கும். நியோஷ் இதைத்தான் பயன்படுத்தச் சொன்னது. அமெரிக்கக் கார்ப்பெட் நிறுவனங்களின் சங்கம் வகுத்த தர விதியும் வீடுகளில் இழுத்துப் போடும் கார்ப்பெட்டுக்குப் பவர் ஸ்ட்ரெச்சர்தான் என்கிறது. உதைப்பான் கார்ப்பெட்டைச் சரியான இடத்தில் வைக்க மட்டும்.

அப்புறமும் ஏன் உதைக்கிறார்கள்? காரணம் எளிது. குழாய்களைப் பொருத்த நேரம் ஆகும். சாமான்களை நகர்த்த வேண்டும். கூலியோ பல இடங்களில் சதுர கஜத்துக்கு இவ்வளவு என்று. நேரம் ஆனால் நஷ்டம் தொழிலாளிக்கு. உதைத்தால் வேலை சீக்கிரம் முடியும். வாடிக்கையாளருக்கு வரும் பில்லில் கார்ப்பெட் விலை இருக்கும், அடியில் போடும் மெத்தை விலை இருக்கும், கூலி இருக்கும். முழங்காலின் தேய்மானம் மட்டும் இருக்காது. இயந்திரத்துக்கு வருடா வருடம் தேய்மானம் எழுதச் சொல்லும் கணக்கியல், முழங்காலுக்கு ஒரு வரி கூட வைக்கவில்லை!

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில், நீண்ட நேரம் மண்டியிடுவதால் முழங்கால் சிப்பிக்கு முன்னால் வரும் வீக்கமும் இருக்கிறது. பட்டியலில் இருப்பது ஒரு விஷயம், இழப்பீடு கையில் வருவது வேறு விஷயம். ஒரு நாளில் கை போனால் விபத்து என்று சொல்லலாம். இருபது வருடத்தில் கால் போனால் எந்த நாளைச் சொல்வது? மாதத்துக்கு ஒரு காண்டிராக்டரிடம் வேலை செய்தவர் எந்த முதலாளியைச் சொல்வது?

இன்றைய சென்னையில்

சென்னைப் பக்கம் கார்ப்பெட் வந்தது வேறு வழியில். ஐ.டி. அலுவலகங்களில் இருப்பவை பெரும்பாலும் சதுரத் துண்டுகள், டைல்ஸ் மாதிரி ஒட்டுவது. பொருட்காட்சி ஸ்டால்களிலும் கல்யாண மண்டப நடைபாதைகளிலும் மெல்லிய விரிப்பை இருபக்க டேப் போட்டு ஒட்டிவிட்டு, மறுநாள் உரித்து எடுத்துவிடுவார்கள். இரண்டிலும் உதைக்கிற வேலை இல்லை. அந்த வகையில் நம் ஊர்த் தொழிலாளி தப்பினார் என்று சொல்லலாம்.

முழுசாகத் தப்பவில்லை. டைல்ஸ் ஆனாலும் கார்ப்பெட் ஆனாலும் தரை வேலை என்றால் மண்டியிட்டுத்தான் ஆக வேண்டும். தடித்த முழங்கால் பட்டை கட்டிக்கொண்டு வேலை செய்பவரைச் சென்னைக் கட்டடங்களில் எத்தனை பேர் பார்த்திருப்போம்? பழைய சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல் மண்டியிடுபவர்கள்தான் அதிகம். குழித்தறியில் நாள் முழுக்கக் குனிந்து மிதிக்கும் ஜமக்காள நெசவாளியின் இடுப்பும் காலும் எந்தப் பில்லிலும் வருவதில்லை. பலருக்கு முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே, இழப்பீடு கேட்க ஆளே இல்லை.

விரிப்பு சமமாக இருக்க வேண்டுமானால் யாராவது, ஏதாவது அந்த இழுப்பைத் தாங்கித்தான் ஆக வேண்டும். கயிறு தாங்கலாம், கட்டை தாங்கலாம், ஊசிப்பட்டை தாங்கலாம், எதிர்ச் சுவர் தாங்கலாம். முழங்காலைத் தாங்கவிட்டது தொழில்நுட்பம் போதாமல் அல்ல, அதுதான் எல்லாவற்றையும் விட மலிவு என்பதால்.

அடுத்த முறை ஒரு மடிப்பு கூட இல்லாத கார்ப்பெட்டில் கால் வைக்கும்போது கீழே ஒரு தரம் பாருங்கள் நண்பர்களே. உங்கள் வீட்டிலோ தெருவிலோ தரை வேலை, தறி வேலை செய்பவர்கள் இருந்தால் அவர்கள் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் பின்னூட்டத்தில் எழுதினால் மற்றவர்களும் தெரிந்துகொள்வார்கள்.